குறைமாதக் குழந்தைக்குத் தடுப்பூசி: எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்?

37 வாரம் நிறைவதற்குள் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் மதிப்பீட்டின்படி, 2020-ல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. உலகக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு குழந்தை இருந்தால், டாக்டர் அதற்கு இரண்டு வயது சொல்லியிருப்பார். ஒன்று, பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. இன்னொன்று, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணும் 'திருத்திய வயது'. தலை நிற்கிறதா, குப்புற விழுகிறதா என்று பார்க்கத் திருத்திய வயதுதான் சரி. தடுப்பூசிக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30-வது வாரத்தில், 2026 ஜனவரி 1 அன்று குழந்தை பிறக்கிறது. குறித்த தேதி மார்ச் 12. தேசிய அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி பிப்ரவரி 12, மார்ச் 12, ஏப்ரல் 9 ஆகிய நாட்களில் வரும். அதாவது, பிறக்க வேண்டிய நாளிலேயே இரண்டாவது டோஸ்! திருத்திய வயதைப் பிடித்துக்கொண்டால் முதல் டோஸே ஏப்ரல் 23-க்குத் தள்ளிப்போகும். மூன்றும் முடிந்திருக்க வேண்டிய நேரத்தில் ஒன்றுகூடப் போட்டிருக்காது.

"இத்தனூண்டு குழந்தைக்கு இப்பவே ஊசியா, கொஞ்சம் தேறட்டுமே" என்று பாட்டி சொல்வது பாசத்தில்தான். ஆனால் தாயின் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அதில் பங்கு குறைவு. கக்குவான் இருமல் வந்தால் தாங்குவது அதற்குத்தான் கஷ்டம். எடை குறைவு என்பதற்காக அரை டோஸ் போடுவதும் தவறு, முழு டோஸ்தான்.

சில விஷயங்களில் மட்டும் சின்ன மாற்றம் உண்டு. பிறந்ததும் போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசி, 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் போட்டாலும் டோஸ் கணக்கில் சேராது. அடுத்து மூன்று டோஸ் வேண்டும். பென்டாவேலன்டிலேயே அது இருப்பதால் தனி ஊசி தேவையில்லை, அந்த மூன்றில் ஒன்றையும் விடாமல் இருந்தால் போதும். தாய்க்கே ஹெபடைட்டிஸ் பி இருந்தால், எடை எதுவானாலும் பிறந்த உடனே ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் கொடுக்க வேண்டும். பி.சி.ஜி.யை, உடல்நிலை சீரானதும், டிஸ்சார்ஜ் நேரத்தில் போடுவதும் உண்டு.

6 வாரம் ஆகியும் என்.ஐ.சி.யூ.வில் இருந்தால்? உடல்நிலை நிலையாக இருந்தால் அங்கேயே போடலாம். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைப் பொதுவாக டிஸ்சார்ஜுக்கு வைத்துக்கொள்வார்கள். 28 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு முதல் ஊசிக்குப் பின் மூச்சு விட்டு விட்டு வரலாம் என்பதால், 48 முதல் 72 மணி நேரம் கண்காணிப்பார்கள்.

ஏற்கெனவே தேதி தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட டோஸை உடனே போட்டு, பென்டாவேலன்டுக்கு குறைந்தது 4 வார இடைவெளியில் தொடருங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். எந்தெந்த ஊசி, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று கேட்டு, தடுப்பூசி அட்டையிலும் யு-வின் தளத்திலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஊருக்கு மாறினால், அங்கே இருக்கும் நர்ஸ் கேட்பது அதைத்தான்.