கப்பல் வைத்தியர் கண்ட வாந்திபேதி

கி.பி. 1782 சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அதனை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார். இவ்விரண்டையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். இடைப்பட்ட மாதங்களில் அத்துறைமுகத்திலே தங்கிய சேர் எட்வேட் ஹியூஸின் கப்பல்களில், பீரங்கிக்குத் தப்பிய மாலுமிகள் வாந்திபேதிக்கு இரையானதை அவை பெரும்பாலும் பேசுவதில்லை.

அதனைப் பதிந்துவைத்தவர் 'மீடியா' என்னும் போர்க்கப்பலின் வைத்தியர் சாள்ஸ் கேட்டிஸ். அவரது நூல் 1807இல் எடின்பரோவில் வெளிவந்தது. நீராகவே கழியும் பேதி, வாந்தி, கைகால்களிற் பற்றி வயிற்றுக்கு ஏறும் கொடிய இழுப்பு, ஒடுங்கும் நாடி ஆகியவற்றை அவர் ஒன்றும் விடாது எழுதினார். நோயாளியின் உள்ளங்கை நெடுநேரம் நீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்குமாம். அந்நோயை அக்காலத்தார் 'நாயின் சாவு' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அழைத்தனர். உண்மையில் நாய்க்கும் அதற்கும் தொடர்பேயில்லை. கொங்கணிச் சொல்லொன்று போர்த்துக்கேயர் வாயிலே திரிந்து, பின்னர் பிரெஞ்சாக மாறிய விந்தையே அது. இன்றைய வைத்தியர் அதனைக் கொலரா எனக் கொள்வர்.

இழுப்பே கண்ணுக்குப் பட்டமையால், நரம்புகளின் கோளாறே நோயென அக்கால வைத்தியர் பலர் முடிவுகட்டினர். ஆகவே இழுப்பை அடக்க அபின் கொடுத்தனர். ஊறியதுபோல் தோன்றிய அக்கையின் உடலிலோ நீர் வற்றிக்கொண்டிருந்தது! இரத்தம் நீரையும் உப்பையும் இழப்பதை ஓஷானசி 1831-32இல் எடுத்துக்காட்டினார். 1832இலேயே தோமஸ் லாற்றா உப்புநீரை நாளத்திற் செலுத்திச் சிலரைப் பிழைக்கவைத்தார். எனினும் அம்முறை விரைவிற் கைவிடப்பட்டது. அதனால் இழந்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

கிருமியின் நஞ்சே குடலை நீர் சுரக்கச் செய்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் தே 1959இல் நிறுவினார். அத்துடன் நரம்புக் கொள்கை புதைந்ததென்றே தோன்றியது. ஆனாற் குடலின் சுவரிலே தனியானதொரு நரம்பு வலை உண்டு. மைஸ்னர், அவர்பாக் என்னும் ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனைக் கண்டனர். மூளையின் ஏவலின்றியே அது குடலை இயக்கவல்லது. சுவீடனின் கோத்தன்பேக் நகரில் லுண்ட்கிரென் குழுவினர் 1980களில் விலங்குகளின் குடலில் அந்நரம்புகளைச் செயலிழக்கச் செய்தபோது, கொலரா நஞ்சினால் எழும் நீர்ச்சுரப்பு பெரிதும் குறைந்தது. நஞ்சின் தூண்டுதலை நரம்புகளும் ஏற்றுப் பெருக்குகின்றன என்பது தெளிவாயிற்று.

இதனால் அபின் கொடுத்தோர் செய்தது சரியென்று ஆகிவிடாது. நரம்புவழிச் சுரப்பைக் குறைக்கும் மருந்தொன்றை வங்காளதேச வைத்தியர் வளர்ந்த கொலரா நோயாளரிடம் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே இன்றும் அந்நோய்க்கு முதல் மருந்து.