திரும்பி வரும் நீர்க்கடுப்பு

நீர்க்கடுப்பு ஒருமுறை வந்து போனால் வீட்டில் யாரும் பேசுவதில்லை. மூன்றாம் முறை வந்தால் குற்றப்பத்திரிகை தயாராகிவிடும். தண்ணீர் குடிப்பதில்லை, அடக்கி வைக்கிறாள், சுத்தம் போதாது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாள். பெரும்பாலும் பழி பெண்கள் மேல்தான். ஆனால் ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கியவர்களுக்கும் இது திரும்பி வருகிறது. காரணத்தின் ஒரு பாதி 1944லேயே அச்சில் வந்துவிட்டது. பிறகு அது பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். இப்படிக் கிடப்பில் போன சங்கதிகளில் எனக்குத் தனி ஆர்வம்.

கிருமி பழையதுதான். 1885ல் எஷெரிக் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் அதைக் கண்டார். 1888ல் பாரிஸில் அல்பாரன், அல்லே இருவரும் நோயாளிகளின் சிறுநீரில் கண்டதும் இதுவே என்று பின்னர் தெளிந்தது. பிரெஞ்சில் அதற்கு 'கோலிபசீல்' என்று பெயர். இன்றைய லேப் ரிப்போர்ட்டில் 'ஈ. கோலை'.

இனி அந்தக் கிடப்புக் கோப்பு. டப்ளின் ட்ரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் பிக்கர், சீழ் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைப் பென்சிலினில் போட்டுப் பார்த்தார். கோடிக்கணக்கில் செத்தன. ஆனால் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று பிழைத்தது. பிழைத்தவற்றை வளர்த்து மறுபடி பென்சிலின் கொடுத்தால் அவற்றின் வாரிசுகள் முன்போலவே செத்தன. அதாவது மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்ட கிருமிகள் அல்ல அவை. அந்த நேரத்தில் வளராமல் சும்மா கிடந்தவை. பென்சிலின், கிருமி வளரும்போது கட்டும் சுவரைத்தான் குலைக்கும். கட்டாதவனை என்ன செய்யும்? பிக்கர் இவற்றை 'பெர்சிஸ்டர்' என்றார். மருந்தைக் கொடுத்து, நிறுத்தி, தூங்கியவை விழித்ததும் மறுபடி கொடுக்கலாம் என்றும் யோசனை சொன்னார். பென்சிலின் அதிசய மருந்தாகக் கொண்டாடப்பட்ட காலம் அது. அவர் பேச்சு அதிகம் எடுபடவில்லை.

மறுபாதி 2003ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிடைத்தது. ஹல்ட்கிரென் குழுவினர் எலிகளின் சிறுநீர்ப்பையை ஆராய்ந்தபோது, ஈ. கோலை உட்சுவரின் செல்களுக்குள்ளேயே நுழைந்து கூட்டமாகக் குடியிருப்பதைக் கண்டார்கள். 2007ல் நோயுற்ற பெண்களின் சிறுநீரிலும் அப்படிக் குடியிருந்ததற்கான அடையாளம் தெரிந்தது. சிறுநீரில் கலக்கும் மருந்து செல்லுக்குள் இருப்பதை எளிதில் எட்டுவதில்லை. கொல்லையில் கோரைப் புல்லைச் செதுக்கிவிட்டுக் கிழங்கை விட்டவர்களுக்கு இது விளங்கும்.

எல்லாமே இப்படி உள்ளிருந்து வருவதல்ல. பல நேரம் நம் குடலிலுள்ள கிருமியே மீண்டும் வந்து ஏறுகிறது. கல், குழாய் வைத்திருப்பது, ஆண்களுக்குப் புராஸ்டேட், இவையும் காரணமாகும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பில் காவல் இருந்த நல்ல கிருமிகள் குறைந்துவிடுகின்றன. அதற்கென்று தடவும் களிம்பு உண்டு. 1993லேயே ஆய்வில் பலன் தெரிந்துவிட்டது. நம் பக்கத்துப் பாட்டிகளில் எத்தனை பேரிடம் யார் இதைச் சொன்னார்கள்? வெட்கப்பட்டு அவர்களும் கேட்பதில்லை.

பழைய சீட்டைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்குவதுதான் நம்மவர் வழக்கம். இந்தத் தடவை வந்தது அதே கிருமிதானா, அந்த மருந்துக்கு அடங்குமா என்பது மாத்திரை தொடங்கும் முன் சிறுநீர் கொடுத்து கல்ச்சர் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1890களில் ஜெர்மானியரான நிக்கோலயர் 'யூரோட்ரோபின்' என்ற மருந்தைச் சிறுநீர்த் தொற்றுக்குக் கொண்டுவந்தார். புளிப்பான சிறுநீரில் அது பிரிந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகிக் கிருமியைக் கொல்லும். ஆன்டிபயாடிக் வந்ததும் அதை ஓரங்கட்டினார்கள். 2022ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, தொற்று திரும்ப வராமல் தடுப்பதில் அதே மெத்தனமைன், தினசரி ஆன்டிபயாடிக்கை விட மோசமில்லை என்று காட்டியது. எல்லோருக்கும் ஏற்றதல்ல, சிறுநீரகம் பழுதானவர்கள் தொடக்கூடாது. மற்றவர்கள் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.