முன்சக்கரத்தின் நுகத்தடி

ஃபோர்க் பிரேஸைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஒரு சாண் நீளத்துக்கு வில்லாக வளைந்த அலுமினியத் துண்டு, இரு முனையிலும் கவ்விகள், சில ஆலன் போல்ட்டுகள், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே, இரண்டு ஃபோர்க் கால்களையும் குறுக்கே பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களில் பலர் இதை அலங்காரச் சாமான் என்று நினைக்கிறார்கள். மாட்டியவர்களில் சிலருக்கும் அதே நினைப்புதான். என் கட்சி வேறு. இது புதிதாக வந்த பொருளே இல்லை. நம் வண்டிகளில் வேறு வேஷத்தில் வெகுகாலம் இருந்தது. நாமே கழற்றிப் போட்டோம். இப்போது காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

இந்தக் குறுக்குக் கட்டை தனியாகத் தேவைப்படாத காலமும் ஒன்று இருந்தது. 1930கள் வரை பெரும்பாலான வண்டிகளில் இருந்தது கர்டர் ஃபோர்க். சக்கரத்தின் இருபுறச் சட்டங்களும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, மொத்தமாக மேலும் கீழும் போய்வரும். 1935இல் பிஎம்டபிள்யூ ஆர்12 வந்தது. எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குடன் விற்பனைக்கு வந்த முதல் வண்டி அதுதான். பைப்புக்குள் பைப் சறுக்கும் இந்த ஏற்பாட்டில் சவாரி மெத்தென்று ஆனது. கூடவே ஒரு கட்டும் அவிழ்ந்துபோனது. மேலே ஹேண்டில் பக்கம் இரண்டு கிளாம்ப், கீழே ஓர் ஆக்ஸில், இவற்றுக்கு நடுவே இரண்டு கால்களும் அதனதன் இஷ்டத்துக்கு அசையலாம். நுகத்தடியைக் கழற்றிவிட்டு இரண்டு மாடுகளையும் ஒரே தடத்தில் ஓட்டுவது போலத்தான்.

எல்லாப் பாரமும் இரு கால்களிலும் சமமாக விழுந்தால் வம்பே இல்லை. பாரம் அப்படி விழுவதில்லை. ஒற்றை டிஸ்க் வண்டியில் காலிப்பர் ஒரு காலில்தான் இருக்கிறது. பிரேக்கை அழுத்தியதும் முறுக்கம் முழுவதையும் அந்தக் கால் வாங்கிக்கொள்கிறது, மற்றது சும்மா நிற்கிறது. வளைவில் சாய்ந்திருக்கும்போது சக்கரத்தின் ஒரு பக்கம் பள்ளத்தில் விழுந்தால் ஒரு கால் முந்துகிறது, மற்றது பிந்துகிறது. பைப்புக்கும் அதன்மேல் சறுக்கும் பாட்டத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி தேய்மானத்தால் கூடக் கூட இந்தக் கூத்தும் அதிகமாகும். ஹேண்டிலைத் திருப்புகிறோம், சக்கரம் ஒரு நொடித் துணுக்கு தாமதித்துத் திரும்புகிறது. ஓட்டுபவருக்குக் காரணம் புரியாது. "முன்னாடி ஒரு மாதிரி ஆடுதுண்ணே" என்பார் மெக்கானிக்கிடம்.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்து, பின்னர் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு மாறிய ராயல் என்ஃபீல்டு புல்லட் நம் பக்கம் வந்த கதை பலருக்கும் தெரியும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. பாகங்களாகப் பெட்டியில் வந்து இறங்கியதை இங்கே பூட்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகளை வெளியே அனுப்பினார்கள். பிறகு எல்லாமே இங்கே தயாரானது. ரெடிச் ஆலை மூடப்பட்ட பிறகும் சென்னை ஆலை நிற்கவில்லை. 1977 முதல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது.

அந்த மெட்ராஸ் புல்லட்டின் முன் மட்கார்டை நினைவிருக்கிறதா? கெட்டியான இரும்புத் தகடு. கம்பிகளும் பட்டையும் கொண்டு இரண்டு பாட்டங்களோடும் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். சேறு தெறிக்காமல் காப்பது அதன் பகிரங்க வேலை. இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிப்பது அது சொல்லிக்கொள்ளாமல் செய்த வேலை. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறிய பழைய புல்லட்டுகள் தனியாக ஒரு பிரேஸைக் கண்டதில்லை. அவற்றின் பிரேஸ் மட்கார்டுக்குள் ஒளிந்திருந்தது.

அதைக் கழற்றியவர்கள் நாம். துரு ஏறியது, கனமாக இருக்கிறது, பழசாகத் தெரிகிறது என்று ஆளுக்கொரு சாக்கு. இரும்பைத் தூக்கிவிட்டு ஃபைபரில் குட்டை மட்கார்டு போட்டோம். சிலர் மட்கார்டே இல்லாமல் விட்டார்கள். அழகு கூடியதோ என்னவோ, முன்பக்கப் பிடிப்பு குறைந்தது. கம்பெனிக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். பிளாஸ்டிக் மட்கார்டு உள்ள சாதாரண வண்டிகள் பலவற்றிலும் அடியில் கைவிட்டுப் பாருங்கள், இரு கால்களையும் இணைக்கும் ஓர் இரும்புப் பட்டை தட்டுப்படும்.

வெளிநாட்டில் இதே பட்டை தனி அவதாரம் எடுத்தது. 1969இல் ஹோண்டா சிபி750, அடுத்த சில ஆண்டுகளில் கவாசாகி இசட்1 என ஜப்பானிய எஞ்சின்களின் பலம் எகிறியது. அந்த வேகத்துக்கு ஃபோர்க்குகள் ஈடுகொடுக்கவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் முன்பக்கம் நெளிந்தது. ஜெர்மனியின் டெலிஃபிக்ஸ், இத்தாலியின் டரோஸி போன்றவர்கள் தனி பிரேஸ்களைச் செய்து விற்றார்கள். 1980களில் ஜப்பானியக் கம்பெனிகளே சில மாடல்களில் பிரேஸைப் பூட்டி அனுப்பின. இதற்குள் இரும்பு போய் அலுமினியம் வந்துவிட்டது. மக்னீசியமும் சிலிக்கானும் கலந்து, சூட்டில் பதப்படுத்திய 6061-டி6 ரகம் இதற்குத் தோதானது. கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பிரேஸ் என்றால் பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும்.

வாங்குவது சுலபம், மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. இழுத்துப் பிடித்துப் போல்ட்டை முறுக்கிவிட்டால் இல்லாத நோயையும் பிரேஸ் வரவழைக்கும். இரண்டு கால்களும் மில்லிமீட்டரில் ஒரு பங்கு உள்ளே இழுக்கப்பட்டாலும், வெளியே தள்ளப்பட்டாலும் பாட்டம் பைப்பில் உரசி இறுகும். பள்ளத்தில் ஃபோர்க் இறங்க மறுக்கும், ஆயில் சீல் சீக்கிரம் போகும். அதனால் முதலில் ஆக்ஸில் நட்டையும் அதைக் கவ்வும் போல்ட்டுகளையும் தளர்த்த வேண்டும். வண்டியைத் தரையில் இறக்கி, ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கத்தைப் பலமுறை அமுக்க வேண்டும். கால்கள் தமக்குரிய இடைவெளியைத் தாமே தேடிக்கொள்ளும். அதன்பின் ஆக்ஸிலை இறுக்கி, பிரேஸை வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். நடுவே சந்து தெரிந்தால் மெல்லிய வாஷரால் அதை நிரப்ப வேண்டும். போல்ட்டின் பலத்தால் மூடக் கூடாது. இடம் போதாமல் முட்டினால் பிரேஸை அரம் போட்டுக் குறைக்க வேண்டும். எல்லாம் இறுக்கிய பிறகு மறுபடி அமுக்கிப் பார்த்தால் முன்பு போலவே வழுக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும்.

திண்டுக்கல்லில் இந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இந்த ஊருடையது. பூட்டுக்குள் லீவரை அரத்தால் தேய்த்து, சாவியோடு ஒட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்துப் பழகிய கைகள் உள்ள ஊர் இது. மயிரிழை பிசகினால் பூட்டு திறக்காது என்று அறிந்தவருக்கு, பிரேஸுக்கு எத்தனை வாஷர் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபோர்க் காலிலேயே இரும்பை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சூடு பட்ட பாட்டம் நெளிந்துவிடும்.

மாட்டியபின் என்ன தெரியும்? நகருக்குள் ஒன்றும் தெரியாது. சிறுமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப வேண்டிய இடங்களில் தெரியும். முன்சக்கரம் சொன்ன இடத்துக்குப் போகும். அதற்கு மேல் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். ஹேண்டில் தண்டின் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருந்தாலும், டயரில் காற்று குறைந்திருந்தாலும், ஃபோர்க் ஆயில் பல வருஷப் பழசானாலும், பின்னால் இரண்டு பால் கேன் தொங்கினாலும் வண்டி ஆடத்தான் செய்யும். ஆடிக் காற்று நான்குவழிச் சாலையில் பக்கவாட்டில் தள்ளுவதையும் பிரேஸ் தடுக்காது. குறைந்த செலவில் கோன் செட் மாற்றினால் தீரும் ஆட்டத்துக்கு ஆயிரங்களில் பிரேஸ் வாங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

புதிய வண்டிகளில் இதன் இடம் சுருங்கி வருகிறது. ராயல் என்ஃபீல்டின் பழைய கிளாசிக் 350இன் ஃபோர்க் பைப் 35 மில்லிமீட்டர், 2018இல் வந்த இன்டர்செப்டர் 650க்கு 41. சுவர்த் தடிமன் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், இந்த ஆறு மில்லிமீட்டரால் விறைப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும். 2012இல் இங்கே வந்த கேடிஎம் டியூக் 200 போல ஃபோர்க்கைத் தலைகீழாக்கிய வண்டிகளில் தடித்த பைப் மேலேயும் மெல்லியது கீழேயும் இருப்பதால், சக்கரத்துக்கு மேலே பிரேஸ் பூட்ட இடமே இல்லை. அங்கே தடித்த ஆக்ஸிலும் அதன் கவ்விகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

பழைய ஃபோர்க்கில் பிரேஸ் போட்டவர்கள் பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸில் புதிதாக உட்காருகிறது. பிரேஸின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை அமுக்கி, ஆக்ஸிலை முதலிலும் பிரேஸைக் கடைசியிலும் இறுக்கச் சொல்லுங்கள்.