சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே அறிவது எப்படி? கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் பரிசோதனைகளும்

நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் வலியின்றித் தொடங்குகிறது. உடலில் தொந்தரவு வெளிப்படையாகத் தெரியும்போது, பலருக்குச் சிறுநீரகச் செயல்திறனில் பெரும்பகுதி குறைந்துவிட்டிருக்கும். எனவே, அறிகுறிகளை அறிந்திருப்பதுடன், அவை தோன்றும் முன்பே பரிசோதித்துக்கொள்வதும் அவசியமாகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உள்ளன. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, 1 முதல் 2 லிட்டர் வரை மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. சில நெஃப்ரான்கள் சேதமடைந்தால் எஞ்சியவை கூடுதல் பணியை ஏற்கின்றன. பாதிப்பு நீண்ட காலம் வெளியே தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

* சிறுநீரில் தொடர்ந்து நுரை காணப்படுவது, புரதம் வெளியேறுவதன் அடையாளமாக இருக்கலாம்.
* இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, சிறுநீரின் அளவு குறைவது அல்லது அதில் ரத்தம் கலந்து வருவது.
* காலையில் கண்களைச் சுற்றியும், மாலையில் கணுக்கால், பாதங்களிலும் வீக்கம் காணப்படுவது.
* மருந்து உட்கொண்டும் ரத்த அழுத்தம் கட்டுப்படாதிருப்பது.
* சோர்வு, பசியின்மை, குமட்டல், தோல் அரிப்பு, மூச்சுத்திணறல். இவை பெரும்பாலும் பாதிப்பு முற்றிய நிலையில் தோன்றுபவை.

முதுகுவலி மட்டுமே சிறுநீரக நோயின் அடையாளம் என்று கருதுவது தவறு. சிறுநீரகக் கல், கிருமித்தொற்று ஆகியவற்றில் வலி ஏற்படலாம். ஆனால், நாள்பட்ட பாதிப்பு வலியே இல்லாமலும் வளரக்கூடும். அதேபோல், நீண்டகால நீரிழிவு நோயாளிகளுக்கு வழக்கமான மருந்திலேயே சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்வதை நோய் குணமாவதாக எண்ணிவிடக் கூடாது. சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்குவதும் அதற்குக் காரணமாகலாம்.

யாருக்கு அபாயம் அதிகம்?

நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள். குடும்பத்தில் சிறுநீரக நோய் இருந்தவர்கள், மருத்துவர் பரிந்துரையின்றி வலி நிவாரணி மாத்திரைகளை நீண்ட காலம் உட்கொள்பவர்கள் ஆகியோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆந்திர மாநிலம் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதியில் நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயத் தொழிலாளர்களிடமும் இந்நோய் பரவலாகக் காணப்படுகிறது. அதன் காரணம் இன்னும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை.

இரண்டு எளிய பரிசோதனைகள்

சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம், ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஆகிய இரண்டும் அடிப்படைப் பரிசோதனைகள். முதல் பரிசோதனையில் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பான அளவு. இரண்டாவதைக் கொண்டு சிறுநீரக வடிகட்டும் திறன் கணக்கிடப்படுகிறது. அது 60-க்குக் கீழாக மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோயாகவும், 15-க்குக் கீழே சென்றால் சிறுநீரகச் செயலிழப்பாகவும் கருதப்படும். கிரியேட்டினின் அளவு உயரும் முன்பே சிறுநீரில் அல்புமின் தென்படக்கூடும் என்பதால், ஒரு பரிசோதனையுடன் நிறுத்திக்கொள்வது போதாது. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டையும் செய்துகொள்வது நல்லது.

செயலிழந்த நிலையை எட்டியவர்களுக்கு டயாலிசிஸ் அல்லது மாற்று அறுவைச் சிகிச்சையே வழி. டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்துக்கு 2 அல்லது 3 முறை தேவைப்படும். ஏழை நோயாளிகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2016-இல் அறிவித்தது. எனினும், சிகிச்சைக்கான பயணமும் வேலை இழப்பும் குடும்பத்துக்குப் பெரும் சுமையாகும்.

தொடக்க நிலையில் கண்டறிந்தால், சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, உப்பைக் குறைத்தல், உரிய மருந்துகள் ஆகியவற்றின் மூலம் பாதிப்பின் வேகத்தைப் பெருமளவு குறைக்க இயலும். மேற்கண்ட மாற்றங்களில் எது தென்பட்டாலும் சுயமருத்துவத்தைத் தவிர்த்து மருத்துவரை அணுக வேண்டும்.