பிரசவத்துக்கு எவ்வளவு தயாராகணும்?

1/ "டாக்டர், பிரசவ வகுப்புக்குப் போயே ஆகணுமா?" பெருங்களத்தூர் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்வி. கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ 1933ல் இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் எழுதினார்: பயம் உடம்பை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும். 1951ல் சோவியத் யூனியன் போய்வந்த பிரெஞ்சு மருத்துவர் லமாஸ், மூச்சுப் பயிற்சியைப் பாரீஸில் பரப்பினார். இன்றைய வகுப்புகளுக்கு வேர் இதுதான்.

3/ நம்ம ஊர்ல பயத்துக்கு மருந்து, கூடவே இருந்த அம்மாவும் பாட்டியும். பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறினதும் நிறைய உயிர் பிழைச்சது. ஆனா தெரிஞ்ச முகம் கதவுக்கு வெளியே நின்னுடுச்சு. 2004ல் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் வந்த பிரசவத் துணைத் திட்டம், அவங்களை உள்ளே கூட்டிவந்தது.

4/ அதனால, வகுப்புக்குப் போனா நல்லது, போகலைன்னா குறையில்லை. செக்கப்பை விடாதீங்க. கூட நிற்க ஒருத்தரை இப்பவே முடிவு பண்ணுங்க. ரத்தப்போக்கு, கடும் தலைவலி, குழந்தை அசைவு குறைஞ்சா காத்திருக்காதீங்க, உடனே 108.