மஞ்சள் முனைக்குள் பழைய தாளம்

2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் வந்தது. டிஜிட்டல் வந்ததும் பழையது ஒழிந்தது என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. செட்டாப் பெட்டியில், பழைய டிவிக்குப் படம் அனுப்பும் மஞ்சள் முனைக்குப் பின்னாலிருந்த என்கோடர் சில்லு, 27 மெகாஹெர்ட்ஸில் வந்த எண்களில் பட வரியின் தொடக்க, முடிவுக் குறிகளைப் பிடித்து, 64 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை 4.7 மைக்ரோவிநாடி அகல ஒத்திசைவுத் துடிப்பைச் செதுக்கியது. அது பிசகினால் குழாய் டிவியில் படம் சாய்ந்து கிழியும்.

இது வெறும் ஒட்டுவேலை என்று மறுக்கலாம். ஆனால் 1982-இன் டிஜிட்டல் வீடியோத் தரமே 625 வரி முறைக்கு வரிக்கு 864 மாதிரிகள் என்றுதான் வகுத்தது. 13.5 மெகாஹெர்ட்ஸில் கணக்கிட்டால் அதுவும் அதே 64 மைக்ரோவிநாடி! அதனால்தான் சாமராஜநகர் மாவட்டத்தின் மாதேஸ்வரன் மலையடிவாரத்தில் டிஷ் மாட்டிய வீடும் பழைய டிவியைத் தூக்கியெறிய வேண்டியிருக்கவில்லை.