காலநிலைத் தகவமைவு மாதிரியாக்கம்

மழை தவறினாலோ வெள்ளம் வந்தாலோ மக்கள் என்ன முடிவெடுப்பார்கள், அந்த முடிவுகளெல்லாம் சேர்ந்து நிலத்தையும் நீரையும் எப்படி மாற்றும் என்று கணினியில் நடத்திப் பார்க்கும் முறை. வெப்பத்தையும் மழையையும் கணிக்கும் மாதிரிகளுக்கு இயற்பியல் விதிகள் துணை நிற்கின்றன. போர் போடுவதா, நிலத்தைத் தரிசாக விட்டுச் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போவதா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு அப்படி விதி எதுவும் இல்லை. இத்துறையின் சிரமம் அங்கேதான் தொடங்குகிறது.

தொடக்கத்தில் பொருளியலாளர்கள் எளிய வழியை எடுத்தார்கள். மென்டல்சன், நார்ட்ஹாஸ், ஷா ஆகியோர் 1994-இல் அமெரிக்க நிலமதிப்பையும் தட்பவெப்பத்தையும் ஒப்பிட்டு, உழவர்கள் தகவமைத்துக்கொண்ட பிறகு எஞ்சும் இழப்பைக் கணக்கிட்டனர். மாறுவதற்கு ஆகும் செலவும் காலமும் அதில் ஏறவில்லை. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இல்லாதவர் ஆபத்தை அறிந்தும் அசையமாட்டார் என்பதை குரோத்மன், பாட் இருவரும் 2005-இல் ஜெர்மனி, சிம்பாப்வே எடுத்துக்காட்டுகளோடு எழுதினர். இன்று பெரிதும் கையாளப்படுவது முகவர் சார் மாதிரி. இதில் ஒவ்வொரு குடும்பமும் தனி முகவர். அதற்கென நிலம், கடன், நினைவு, பார்த்துப் பழக அக்கம்பக்கம் எல்லாம் உண்டு.

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கல்மரங்களால் பெயர்பெற்ற ஊர். அவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த மரங்கள் என்கிறார்கள் நிலவியலாளர்கள். வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதே அதற்குச் சான்று. ஊரை ஒட்டி ஓடும் சங்கராபரணியின் குறுக்கே, சற்று மேலே, வீடூர் அணை 1950-களின் இறுதியில் கட்டப்பட்டது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வறட்சிக்கென்று மட்டும் எழுதிய மாதிரி இங்கே பாதிதான் பேசும்.

வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நெல்லை விட்டு மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) மாறுகிறார். அதற்கான ரகங்களைத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாகத் தந்துவருகிறது; அந்த ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற முன்னெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். இன்னொருவர் சவுக்கு நடுகிறார். மூன்றாமவர் போரை ஆழப்படுத்துகிறார். உழவுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், மும்முனை மின்சாரம் வரும் நேரமெல்லாம் மோட்டார் ஓடுகிறது. நீர்மட்டம் இறங்க, அடுத்த வயல்காரரும் கடன் வாங்கி இன்னும் ஆழமாகப் போடுகிறார். அவரவர் கணக்கில் சரியான முடிவு, ஊர்க் கணக்கில் வறண்ட கிணறு. சராசரி உழவரை வைத்து எழுதும் சமன்பாட்டில் இந்தப் போட்டி தெரியாது. முகவர் மாதிரியின் தேவையே இதுதான் எனலாம்.

தென்னிந்தியாவில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட முயற்சி கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள பேரம்பாடி நீர்ப்பிடிப்பில் நடந்தது. பரப்பு 84 சதுர கி.மீ. பிரான்ஸ் வேளாண் ஆய்வு நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அங்கே ஆய்ந்தன. மரியோன் ராபர்ட்டும் பிறரும் உருவாக்கிய 'நமஸ்தே' என்ற மாதிரி, உழவரின் முடிவுகளை மூன்று அடுக்காகப் பிரித்தது: போர் போடுவது போன்ற பல்லாண்டு முடிவு, பட்டத்துக்கு ஏற்ற பயிர்த் தேர்வு, அன்றாடம் தண்ணீர் பாய்ச்சும் முடிவு. அதனுடன் பயிர் மாதிரியும் நிலத்தடி நீர் மாதிரியும் இணைந்தன. கணினிக்கு முன்னால் வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. மாதிரியின் நம்பகத்தில் பெரும்பங்கு அந்த நடையைச் சேர்ந்தது என்பேன்.

இடப்பெயர்வுக்கும் இம்முறை பயன்படுகிறது. நைவ்ட்டனும் குழுவினரும் 2011-இல் புர்கினா பாசோவுக்கு அப்படியொரு மாதிரி வெளியிட்டனர். ஆனால் இவ்வகை மாதிரிகளை ஆரூடமாக வாசிப்பது தவறு. விதிகளை எழுதியவரின் ஊகங்கள் விடையில் நிற்கும். சாதி, குத்தகை, பெண்களின் கூலி போன்றவை எளிதில் எண்ணாக மாறுவதில்லை.

ஆட்சி எல்லையும் அப்படித்தான். வீடூர் அணையின் பாசனம் 3,200 ஏக்கர். அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரியைச் சேர்ந்தது. சங்கராபரணிக்கு மாதிரி எழுதுபவர் ஒரே ஆற்றுக்கு இரண்டு அரசுகளின் விதிகளை எழுதியாக வேண்டும்.